தள்ளிப்போகும் முடிவு: தமிழ்த் திரையிசையும் டிஜிட்டல் கருவிகளும்

ஆயிரம் அடி நீளமுள்ள 35 மி.மீ. ரீல் ஒன்று திரையில் சுமார் 11 நிமிடம் ஓடும். 1980களில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பின்னணி இசைச் சேர்ப்பு, அதாவது ரீ-ரெக்கார்டிங், இந்த அளவை வைத்தே நடந்தது. ரீல் ஒருமுறை ஓடும், இசையமைப்பாளர் பார்ப்பார். எந்தக் காட்சியில் இசை தொடங்க வேண்டும், எந்த வசனத்துக்கு ஒதுங்க வேண்டும், எங்கே முற்றிலும் நிற்க வேண்டும் என்று விநாடிக் கணக்கில் குறித்துக்கொள்வார். பிறகு உட்கார்ந்து எழுதுவார். எழுதியதை உதவியாளர்கள் வயலினுக்கு, செல்லோவுக்கு, குழலுக்கு என்று பிரித்துப் படியெடுத்துத் தருவார்கள். ஒத்திகை நடக்கும், ரீல் மறுபடி ஓடும், டேக் எடுக்கப்படும்.

இந்த முறையின் சிகரம் இளையராஜா. காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டு, எந்த வாத்தியத்தையும் தொடாமல், முழு இசைக்குழுவுக்கான குறிப்புகளையும் மேற்கத்திய சுரக்குறியீட்டில் அவர் நேராகத் தாளில் எழுதியதை அவருடன் வாசித்த கலைஞர்கள் பலரும் பதிவுசெய்திருக்கிறார்கள். இதைப் பெரும்பாலும் வேகத்தின் வியப்பாகவே பேசுகிறோம். வேகத்தைவிட முக்கியமானது வேறொன்று. தாளில் மை காய்ந்தபோது இசை முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அது ஒலித்தது. செல்லோ எந்த இடத்தில் நுழையும், அதன் மேல் ஓபோ எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் மனத்துக்குள் மட்டுமே கேட்கப்பட்டு, அந்தக் கேள்வியின் பலத்தில் தீர்மானிக்கப்பட்டவை. கூடத்தில் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது, ஐம்பது கலைஞர்கள் காத்திருக்கும்போது, "இதைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போமா" என்று சோதித்துக்கொண்டே போக முடியாது.

டிஜிட்டல் தொழில்நுட்பம் திரையிசையில் செய்த ஆழமான மாற்றம் இந்த இடத்தில்தான் நிகழ்ந்தது என்பது என் வாதம். புதிய ஒலிகள் வந்தன, செலவு குறைந்தது, வீட்டிலேயே பதிவுசெய்ய முடிந்தது, எல்லாம் உண்மை. ஆனால் அடிப்படையில் மாறியது முடிவுகளின் வரிசை. எது முதலில் தீர்மானமாகிறது, எது கடைசிவரை திறந்தே இருக்கிறது என்பது மாறியது. கற்பனையின் இயல்பே அதனோடு சேர்ந்து மாறியது.

பழைய வரிசை எப்படி இருந்தது? எம்.எஸ்.விஸ்வநாதனின் காலத்தில் ஹார்மோனியம், கவிஞர், இயக்குநர் மூவரும் ஓர் அறையில். முதலில் மெட்டு, அதற்குச் சொல். சில வேளைகளில் சொல் முந்தி, மெட்டு பிந்தி. அதன் பிறகு வாத்திய அமைப்பு. கடைசியில் பதிவு. பல தடங்கள் இல்லாத அந்நாளில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒன்றாக ஒலித்தே ஆகவேண்டும். நான்காவது நிமிடத்தில் தபேலா பிசகினால் முதலிலிருந்து மறுபடி. மெட்டுதான் பாட்டின் உயிர், மற்றவை அதற்கு உடை என்ற எண்ணம் அந்த வேலைமுறையிலேயே பொதிந்திருந்தது. 24 தட நாடா வந்தபோது பாடகரைத் தனியாகப் பதிவுசெய்ய முடிந்தது. வேறொருவர் பாடிய ட்ராக்கைக் கேட்டு முன்னணிப் பாடகர் பிறகு வந்து பாடும் வழக்கமும் பரவியது. இருந்தாலும் வரிசை குலையவில்லை.

1983இல் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. யமஹா நிறுவனம் டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் சிந்தசைசரை வெளியிட்டது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் ஒலியாக்க முறை அதில் இருந்தது. அதே ஆண்டு மிடி என்ற பொது நெறிமுறை அறிமுகமானது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ காகேஹாஷியும், போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று முன்னின்று உருவாக்கியது அது. மிடி ஒலியைக் கடத்துவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையோடு, எப்போது விடப்பட்டது என்ற செய்தியை மட்டுமே எண்களாகக் கடத்துகிறது. சுரத்துக்கு 0 முதல் 127 வரை ஓர் எண். விசைக்கு அதேபோல் இன்னோர் எண். வாசிப்பும் ஒலியும் பிரிந்தது இங்கேதான். வாசித்து முடித்த ஒரு வரியைப் பிறகு குழலாகவும் கேட்கலாம், மணியாகவும் கேட்கலாம். சுருதியை உயர்த்தலாம், காலப்பிரமாணத்தைக் குறைக்கலாம். வாசித்தவர் வீட்டுக்குப் போயிருப்பார். வாசிப்பு இன்னும் இளகிய நிலையிலேயே இருக்கும்.

தமிழ்த் திரையில் இது எதிரொலித்தது 1986இல், 'புன்னகை மன்னன்' படத்தில். வாசிப்பை எண்களாகப் பதிந்து மறுபடி ஒலிக்கவைக்கும் கணினி சீக்குவென்சர் கொண்டு இசை உருவான முதல் இந்தியப் படங்களில் அதுவும் ஒன்று. இசை இளையராஜாவுடையது, அவருடைய குழுவில் அப்போது கீபோர்ட் வாசித்தவர்களில் திலீப் என்ற இருபது வயது தாண்டாத இளைஞரும் உண்டு. பின்னாளின் ஏ.ஆர்.ரஹ்மான். தாளும் பேனாவும் ஒருவருக்கு, கணினி இன்னொருவருக்கு என்று இருவரையும் எதிரெதிராக நிறுத்தும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிப்போய்விட்டது. 'விக்ரம்', 'அக்னி நட்சத்திரம்' பாடல்களின் மின்னணுத் தாளங்களைக் கேட்பவர்கள் அந்தப் பிரிவினையை ஏற்க மாட்டார்கள். இளையராஜா புதிய ஒலியை மறுக்கவில்லை. தன் தாளில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கினார், அவ்வளவே. சிந்தசைசர் அவருடைய இசைக்குழுவில் இன்னொரு வாத்தியமாகச் சேர்ந்தது. முடிவுகளின் வரிசை அவரிடம் மாறவில்லை.

வரிசை மாறியது கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்புறத்தில். ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராகவும் வாத்திய அமைப்பாளராகவும் இருந்தவர். 1976இல் அவர் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. கருவிகளோடு வளர்ந்த அந்தச் சிறுவன் 1989இல் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தபோது முதலில் வந்த வேலை விளம்பர இசை. லியோ காபிக்கு அவர் செய்த விளம்பர இசை அந்தத் தலைமுறையின் காதில் இன்றும் இருக்கிறது. முப்பது விநாடிக்குள் கேட்பவரை நிறுத்தவேண்டிய வடிவம் அது. அங்கே பல்லவி, சரணம் என்று விரிய இடம் கிடையாது; முதல் இரண்டு விநாடியில் ஒலியின் நிறமே ஆளைப் பிடிக்க வேண்டும். 1992இல் வந்த 'ரோஜா' பாடல்களில் கேட்டவர்கள் உணர்ந்த புதுமையின் வேர் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் படத்துக்கு அவர் பெற்ற தேசிய விருதையும் பிறகு உலகெங்கும் குவிந்த புகழையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. வேலைமுறையைப் பற்றி எழுதியது குறைவு.

சொந்தக் கூடம் என்றால் மணிக்கணக்கு வாடகை இல்லை. இரவு முழுக்க உட்காரலாம். ஒரு தாளக்கட்டை ஓடவிட்டு, அதன்மேல் ஒரு நிறத்தைப் பூசி, அதைக் கேட்டுக்கொண்டே மெட்டைத் தேடலாம். பாடகர் வந்து ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவார். அவருடைய சொந்தக் கற்பனைக்கும் இடமிருக்கும். பதிவானதில் எது எங்கே வரும் என்பது பிறகு, அவர் போனபின், தீர்மானமாகும். அவரிடம் பாடியவர்கள் பலர் தங்கள் பாட்டின் இறுதி வடிவத்தை ஒலிநாடா வெளியானபோதுதான் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே எழுதுவதும் பதிவுசெய்வதும் கலவை செய்வதும் ஒரே செயல். ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதர் போன்றவர்களின் பங்கு இதனால் இசையமைப்புக்கு உள்ளேயே வந்துவிட்டது. மெட்டு முன்பு உடலாக இருந்தது. இப்போது மெட்டு, நிறம், தாளம், வெளி நான்கும் சேர்ந்துதான் உடல்.

'திருடா திருடா'வின் 'ராசாத்தி' பாடலை இதற்குச் சான்றாகச் சொல்வேன். 1993இல் வந்த அந்தப் பாட்டில் வாத்தியங்களே ஏறக்குறைய இல்லை. சாகுல் ஹமீதின் குரலும் அதைச் சூழ்ந்த பல குரல்களும்தான். கணினி வந்தால் மனிதக் குரல் ஒதுங்கிவிடும் என்று அஞ்சிய காலத்தில், கணினிக்கூடத்திலிருந்து வெறும் குரல்களாலான ஒரு பாட்டு வந்தது. குரல்களை அடுக்கடுக்காகப் பதிவுசெய்து, கேட்டுக் கேட்டு எடை பார்த்துச் சேர்க்க முடிந்ததால்தான் அந்தத் துணிவு வந்தது. அதே ஆண்டு 'கிழக்குச் சீமையிலே', அடுத்த ஆண்டு 'கருத்தம்மா'. இயக்குநர் பாரதிராஜாவின் கிராமத்துக்குக் கணினி இசை பொருந்தாது என்ற பேச்சு அவற்றோடு அடங்கியது.

தாளத்துக்கு நடந்ததை இன்னும் கூர்ந்து பார்க்கலாம். 1988இல் வந்த அகாய் எஸ்1000 சாம்ப்ளர் 16 பிட் தரத்தில் எந்த ஒலியையும் பதிந்து கீபோர்டில் வாசிக்கத் தந்தது. ஆனால் அதன் அடிப்படை நினைவகம் 2 மெகாபைட். குறுந்தகட்டுத் தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் சுமார் 12 விநாடிதான் கொள்ளும். ஆகவே நீண்ட வாசிப்பைப் பதிய முடியாது. இரண்டு ஆவர்த்தனம் எடுத்துச் சுற்றவிட வேண்டும். லூப் என்ற வடிவம் உலக இசையில் இவ்வளவு வலுவாக ஊன்றியதற்கு நினைவகத்தின் விலையும் ஒரு காரணம். பிறகு நினைவகம் மலிந்தது. காது மட்டும் சுற்றுக்குப் பழகிப்போய்விட்டது. சீக்குவென்சரின் 'குவான்டைஸ்' வசதி பிசகிய அடியை அருகிலுள்ள கட்டத்துக்கு இழுத்து ஒட்டும். ஒரு நல்ல தவில்காரரின் அல்லது உறுமிக்காரரின் அடி கட்டத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகத்தான் விழும். அந்தச் சற்றில்தான் ஊர் இருக்கிறது. தேர்ந்த ப்ரோக்ராமர்கள் இதை அறிவார்கள். கட்டத்தைத் தளர்த்திவைப்பார்கள், அல்லது லூப்பின் மேல் ஒரு மனிதரை வாசிக்கவைப்பார்கள். தேர்ச்சி குறைந்த பாட்டுகளில் நூறு அடியும் ஒரே அடியாக விழுவதைக் கேட்கிறோம்.

கமகத்தின், அதாவது சுரத்தை அசைத்து ஒலிப்பதன், கதை இதைவிடச் சிக்கலானது, எனக்கு மிகவும் நெருக்கமானதும்கூட. கீபோர்ட் பன்னிரண்டு சம அளவுப் படிகளால் ஆனது. தோடி ராகத்தின் காந்தாரமோ ஒரு படியில் நிற்காது. அசைவதே அதன் இருப்பு. மிடி வடிவமைத்தவர்கள் இதை முற்றிலும் மறக்கவில்லை. சுருதியை வளைக்க ஒரு சக்கரம் வைத்தார்கள். அதற்கு 16,384 படிகள் கொடுத்தார்கள். நுணுக்கத்துக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில். அந்த வளைவு ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒன்றாக வளைக்கும். மேலே ஒரு சுரம் அசைய, கீழே இன்னொன்று அசையாமல் நிற்பது அந்த அமைப்பில் இயல்பாக வராது. வீணையில் இடக்கை விரலே சுரத்தைத் தொட்டு இழுக்கிறது. கீபோர்டிலோ வலக்கை சுரத்தைத் தொட, இடக்கை சக்கரத்தை அசைக்கிறது; சுரமும் அதன் அசைவும் இரண்டு கைகளுக்குப் பங்கிடப்படுகின்றன. 1990களின் தமிழ்ப் பாடல்களில் கீபோர்டிலிருந்து வந்த நாதஸ்வரமும் வீணையும் ஏன் ஒட்டாமல் ஒலித்தன என்பதற்கு ஒலிமாதிரியின் தரத்தைவிட இதுவே காரணம்.

இந்தக் குறையை ரஹ்மான் எப்படி எதிர்கொண்டார் என்பதில் ஒரு பாடம் கிடைக்கிறது. அமெரிக்காவில் லிப்போல்ட் ஹாகன் என்ற பொறியியல் பேராசிரியர் கட்டைகளே இல்லாத ஒரு கருவியை உருவாக்கினார். கான்டினம் என்று பெயர். வழவழப்பான நீண்ட பரப்பு. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக வழுக்கலாம், அசையலாம், அழுத்தலாம். ரஹ்மான் அதை வாங்கிப் பழகி, 2009இல் வந்த 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலின் இறுதியில் வாசித்தார். அங்கே ஒலிப்பது மின்னணு ஒலிதான், ஆனால் அசைவு நம் வீட்டு அசைவு. விரலுக்கு ஒரு வளைவு என்ற அதே கருத்து பிற்பாடு மிடியின் விரிவாக்கமாக 2018இல் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. கருவியைச் செய்தவர் மேற்கில் இருக்கிறார். ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு தேவை உண்டு என்பதை நம் காது நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பாடும் குரலில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். பூமிக்கடியில் எண்ணெய் தேட நில அதிர்வலைகளைப் பகுத்தாய்ந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அந்தக் கணிதத்தைக் குரலுக்குப் பயன்படுத்தி 1997இல் ஆட்டோ-டியூன் மென்பொருளைக் கொண்டுவந்தார். பாடிய சுரத்தை மிக அருகிலுள்ள 'சரியான' சுரத்துக்கு அது நகர்த்தும். ஒரு கமகத்தை அதன் கையில் கொடுத்தால், அசைவை அது பிழையென்று எண்ணிப் படிக்கட்டாக மாற்றிவிடும். திருத்தும் வேகத்தைக் குறைக்கலாம், ஒவ்வொரு சங்கதியையும் தனியாகக் கவனிக்கலாம். நல்ல பொறியாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவசரத்தில் செய்யும்போது பாடகரின் பயிற்சியே பிழையாகத் திருத்தப்பட்டுவிடுகிறது. பல ஆண்டுகள் சாதகம் செய்து பெற்ற ஓர் அசைவு, ஒரு கட்டளையில் நேராக்கப்படுவது எனக்கு வேதனை தருகிறது. குறை மென்பொருளில் இல்லை. எது பிழை என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் காதில் இருக்கிறது.

வாத்தியக் கலைஞர்களுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. சென்னைத் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னின்றவர் எம்.பி.சீனிவாசன். ஒவ்வொரு கால்ஷீட்டுக்கும் உரிய ஊதியம், உரிய நேரத்தில் ஊதியம் என்ற நிலையை அந்தச் சங்கம் போராடிப் பெற்றது. கீபோர்ட் ஒன்றில் முப்பது வயலின்கள் கிடைக்கத் தொடங்கியபோது அந்த உழைப்பின் பலன் கரைந்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. தனி வாசிப்புக்கு அழைக்கப்படும் குழல் கலைஞருக்கும் வீணைக் கலைஞருக்கும் தேவை நீடித்தது. வயலின் வரிசையின் பின்பகுதியில் அமர்ந்திருந்தவர்களுக்குத்தான் முதலில் வேலை போனது. இசைக்குழு வாழ்வதோ அந்தப் பின்வரிசையால்தான். இளையவர்கள் அங்கே அமர்ந்துதான் மூத்தவர்களின் வில்லைப் பார்த்துக் கற்றார்கள்.

இன்று பலர் செய்யும் சமரசம் ஒன்று உண்டு. பத்து வயலின் கலைஞர்களை அழைத்து, ஒரே வரியை மூன்றுமுறை வாசிக்கவைத்து அடுக்குவது. கணக்குப்படி அது முப்பது. காதுக்கு அப்படிக் கேட்பதில்லை. முப்பது பேர் ஒன்றாக வாசிக்கையில் ஒவ்வொருவரும் சுருதியிலும் நேரத்திலும் மயிரிழை விலகியிருப்பார்கள். அந்த விலகல்களின் கூட்டம்தான் அந்த அகலமும் வெதுவெதுப்பும். பத்துப் பேரின் பழக்கங்கள் மூன்றுமுறை அடுக்கப்பட்டால் அதே விலகல்கள் தடிக்கின்றன. மேலும் முப்பது பேர் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கிறார்கள்; முதல் அடுக்கு மூன்றாவது அடுக்கைக் கேட்க முடியாது. பெரிய குழுவுக்கான தாகம் தீராமல்தான் நம் இசையமைப்பாளர்கள் கடல் கடந்தார்கள். 2005இல் 'திருவாசகம்' ஆரடோரியோவுக்கு இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை நாடினார். ரஹ்மான் 2008இல் சென்னையிலேயே கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். கணினியால் பெயரெடுத்தவரே வயலின் வாசிக்கும் பிள்ளைகளை வளர்க்கப் புறப்பட்டது நல்ல செய்தி. காலியான நாற்காலிகளின் எண்ணிக்கையைப் பார்க்கையில் அது போதாது.

படத்தொகுப்பும் டிஜிட்டலானதால் பின்னணி இசைக்கு வந்த நெருக்கடியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ரீல் காலத்தில் வெட்டி ஒட்டி முடித்த படம்தான் இசையமைப்பாளரிடம் வரும். விநாடிக்கு 24 சட்டகம் என்றால், நிமிடத்துக்கு 120 அடி கொண்ட காலப்பிரமாணத்தில் ஒவ்வோர் அடிக்கும் சரியாக 12 சட்டகம். அந்தக் கணக்கில் ஒரு முகத்தின் திருப்பத்தில் ஓர் அடியை வைக்கலாம். கணினியில் தொகுக்கப்படும் படமோ வெளியீட்டுக்கு முந்தைய வாரம்வரை மாறும். 9 சட்டகம் குறைந்தால் வைத்த அடி தவறிய இடத்தில் விழும். அதனால் இசையமைப்பாளர் தன்னை அறியாமலேயே வெட்டினாலும் நீட்டினாலும் உடையாத இசையைத் தேர்கிறார்: நீண்டு கிடக்கும் கார்வைகள், சுற்றும் தாளத்துணுக்குகள், எங்கே நிறுத்தினாலும் நிற்கும் ரீங்காரம். தொகுப்பாளர் தற்காலிகமாக வேறு படத்தின் இசையை ஒட்டிவைத்து, இயக்குநர் அதற்குப் பழகிவிட்டால் நெருக்கடி இரட்டிப்பாகிறது. இன்றைய படங்கள் பலவற்றின் பின்னணி இசை ஒன்றுபோல ஒலிப்பதற்கு இசையமைப்பாளர்களின் வறட்சியைக் காரணம் காட்டுவது பாதி உண்மைதான். முடிவெடுக்க முடியாத ஒரு வேலைமுறை அவர்களுக்குத் தரப்பட்டிருக்கிறது.

இதே திறந்தநிலைதான் புதியவர்களுக்குக் கதவைத் திறந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒலிப்பொறியியலிலிருந்து வந்த சந்தோஷ் நாராயணன் 2012இல் 'அட்டகத்தி'யோடு தொடங்கியபோது, கானாவையும் அதன் குரல்களையும் மழுங்காமல் பதிந்தார். வாத்தியங்களின் அடுக்கைவிட ஓர் அறையின் ஒலிக்கு மதிப்பளிக்கும் காது அவருடையது. பழைய ஏணியில் அத்தகைய ஒருவர் இசையமைப்பாளர் நாற்காலிக்கு ஏறியிருக்க முடியாது.

2024இல் வரிசை இன்னொருமுறை மாறியது. 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில், 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும், 'ராசாத்தி' பாடிய சாகுல் ஹமீதின் குரலையும் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு ரஹ்மான் ஒலிக்கவைத்தார். குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்று, அதற்கான தொகையும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு யுவன் சங்கர் ராஜா 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாடலில் மறைந்த தன் சகோதரி பவதாரிணியின் குரலைக் கொண்டுவந்தார். மிடி, வாசிப்பையும் ஒலியையும் பிரித்ததுபோல இங்கே பாடுவதும் குரலும் பிரிந்திருக்கின்றன.

ஒப்புதலும் ஊதியமும் சரியான தொடக்கம். ஆனால் இவ்வகைக் குரல்மாற்றத்துக்குப் பொதுவாக உயிரோடுள்ள ஒரு பாடகர் முதலில் பாடித் தர வேண்டியிருக்கிறது. மூச்சு, சொல்லழுத்தம், சங்கதி எல்லாம் அவருடையவை. மேலே ஏற்றப்படும் நிறம் மட்டுமே மறைந்தவருடையது. ஒலிநாடா உறையில் குழல் வாசித்தவர், கிட்டார் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் என எல்லோருடைய பெயரையும் அச்சிடும் பழக்கத்தைத் தமிழில் பரவலாக்கியவர் ரஹ்மான். அதற்கு முன் 'ட்ராக்' பாடிய எத்தனையோ பேர் பெயரில்லாமலேயே போனார்கள். இனி வரும் பாடல்களில், மறைந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பாடலைப் பாடித் தந்தவரின் பெயரும் வர வேண்டும். அவருக்கான ஊதியமும் உரிமைப் பங்கும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். கால்ஷீட்டுக்காகப் போராடிய சங்கம் அடுத்துக் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை இதுவே.